போன் வரும் என்று காத்திருப்பதும் வேலைதான்

வாசகர் கேள்வி: ஐயா, எனக்கு 25 வயது. பெங்களூர் ஜீவன்பீமா நகரில் பெற்றோருடன் இருக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். சிபிஎல் எனும் வணிக விமானி உரிமம் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கல்விக் கடனுக்கு மாதம் 48,000 ரூபாயை அப்பாதான் கட்டி வருகிறார். இப்போது இரண்டே விமானம் உள்ள ஒரு சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் ஏ.டி.ஆர். வகை விமானத்துக்குத் துணை விமானி வேலை வந்திருக்கிறது. இது நேரப்பட்டியல் போட்டு ஓடும் சேவை அல்ல. யாராவது சரக்கு இருக்கிறது என்று கூப்பிட்டால் பறக்க வேண்டும். நிலைச் சம்பளம் 70,000, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 2,000. மாதம் 50 மணி கிடைக்கும் என்று வாயால் சொன்னார்கள். 20 நாள் பணி, 10 நாள் விடுப்பு. அந்த 20 நாளும் போன் வந்த 90 நிமிடத்தில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த விமான வகையை ஓட்டத் தகுதி பெறும் டைப் ரேட்டிங் பயிற்சியின் செலவு அவர்களுடையது, அதற்கு மூன்று வருட பாண்ட், இடையில் விலகினால் 30 லட்சம். அசல் சான்றிதழ்களையும் தேதி போடாத இரண்டு காசோலைகளையும் கேட்கிறார்கள். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். நண்பர்களோ, பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போடு என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

அன்புள்ள தம்பி,

கடிதத்தோடு ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 11 பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். நான் 29 வருடம் பறந்தவன், அதில் 8 வருடம் சரக்கு. அந்த எட்டில் பாதிக்கு மேல் உங்களுக்கு வந்திருப்பது போன்ற அழைப்புச் சரக்குதான். அதனால் அந்த 11 பக்கத்தில் எழுதியிருப்பதும் எனக்குப் புரிகிறது, எழுதாமல் விட்டதும் புரிகிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை விட வேண்டாம். ஆனால் இந்தக் காகிதத்தில் இப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

வேலையை ஏன் விட வேண்டாம்? சிபிஎல் வாங்கிவிட்டு ஒன்றரை வருடம் தரையில் இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியும். கை மறக்கிறது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான ஐ.ஆர். புதுப்பிக்கக் காசு போகிறது. நேர்காணலில் "கடைசியாக எப்போது பறந்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் மாதத்துக்கு மாதம் மோசமாகிறது. ஏ.டி.ஆரில் ஐந்நூறு, அறுநூறு மணி நேரம், அதுவும் மழைக்காலத்தில், புதுப்புது ஊர்களில், இரவில் பறந்தது உங்கள் லாக்புக்கில் ஏறினால் அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது. கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். உரிமம் எடுக்க 1,500 மணி பறந்திருக்க வேண்டும். அந்த வழியில் இது ஒரு நல்ல துண்டு. சரக்கு விமானி என்றால் இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது சரக்குதான்.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். நீங்கள் 70,000-ஐயும் 50 மணிக்கான ஒரு லட்சத்தையும் கூட்டி, மாதம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள். அப்பாவிடமும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஒப்பந்தத்தில் 50 மணி என்ற பேச்சே எங்கும் இல்லை. "பறந்த மணிகளுக்கு ஏற்ப" என்று மட்டும் இருக்கிறது. அழைப்புச் சரக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இதன் கனம் விளங்கும். ஒரு தொழிற்சாலையில் ஏதோ ஒரு பாகம் இல்லாமல் உற்பத்தி வரிசை நின்றுவிட்டது. எங்கோ ஒரு பயணிகள் விமானம் உதிரிபாகம் கிடைக்காமல் தரையில் கிடக்கிறது. ஓசூர், தளி பக்கத்து ரோஜா பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், வழக்கமான விமானத்தில் இடம் இல்லை. மற்ற வழிகள் எல்லாம் அடைபட்ட பிறகுதான் உங்கள் நிறுவனத்துக்குப் போன் வரும். ஆகவே அது எப்போதும் அவசரமாகத்தான் வரும், பெரும்பாலும் ராத்திரியில் வரும். தீபாவளிக்கு முன்னால் கொட்டும், அப்புறம் மூன்று வாரம் சத்தமே இருக்காது.

இன்னொன்று. அவர்களிடம் இரண்டே விமானம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பெரிய பராமரிப்புக்காக ஹேங்கருக்குள் போனால் வாரக்கணக்கில் வெளியே வராது. அப்போது எல்லாக் குழுக்களும் மீதி ஒரு விமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாதம் உங்கள் கையில் 18 மணி விழுந்தால் பறந்ததற்கு 36,000, மொத்தம் 1,06,000. கடன் தவணை போக 58,000, அதுவும் வரி, பி.எஃப். பிடிக்கும் முன். அந்த மாதமும் நீங்கள் 20 நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு 480 மணி நேரம் தயாராக இருந்திருப்பீர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்தத் தொழிலில் ஒரு விமானி விற்பது பறக்கும் நேரத்தை மட்டுமல்ல, காத்திருக்கும் நேரத்தையும்தான். வாடிக்கையாளரிடம் "எந்த நேரமும் இரண்டு மணி நேரத்தில் புறப்படுவோம்" என்று சொல்லி நிறுவனம் கூடுதல் கட்டணம் வாங்குகிறதே, அந்த வாக்குறுதி நிற்பது உங்கள் காத்திருப்பின் மேல். அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது மணிக்கு 2,000-ஐ 2,500 ஆக்குங்கள் என்பதல்ல. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 40 மணிக்கு உத்தரவாதம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியானால் எந்த மாதமும் 1,50,000-க்குக் கீழே போகாது. அவர்களே 50 மணி கிடைக்கும் என்று நம்பிச் சொல்கிறார்கள் என்றால் 40 மணிக்குக் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்கள். தயங்கினால் அந்த 50 என்ன கணக்கு என்று உங்களுக்குப் புரிந்துவிடும். அதோடு, விமானத்தை எடுக்கப் பயணியாக தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகும் நாளுக்கும், வெளியூரில் தங்கும் இரவுக்கும் தனிப்படி உண்டா என்றும் கேளுங்கள். அழைப்புச் சரக்கில் இந்த அலைச்சல்தான் பாதி வாழ்க்கை.

சரி, 90 நிமிடம். நீங்கள் இருப்பது ஜீவன்பீமா நகர். பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் சரக்கு முனையங்கள் இருப்பது தேவனஹள்ளியில். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தால் ஐம்பது நிமிடத்தில் போய்விடலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால்? ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டுவதற்குள் உங்கள் 90 நிமிடம் முடிந்திருக்கும். மூன்று தடவை தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம் என்று 6ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஆக, எலஹங்கா பக்கம் ஓர் அறை எடுக்காமல் இந்த நிபந்தனையை நீங்கள் நிறைவேற்றவே முடியாது. அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள். பணி நாட்களில் நிறுவனமே விமான நிலையத்துக்கு அருகில் அறை தருமா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தருகிறார்கள்.

இனி சொல்வது பணத்தைவிடப் பெரியது. இருபது நாளும் 24 மணி நேரமும் தயார் என்பது மனித உடம்பால் கொடுக்க முடியாத வாக்கு. ஓய்வு என்றால் எல்லாப் பணியிலிருந்தும் விடுபட்ட, முன்கூட்டியே தெரிந்த, தொடர்ச்சியான நேரம் என்றுதான் விமானப் போக்குவரத்து விதிகள் சொல்கின்றன. போன் எப்போது அடிக்கும் என்று காது கொடுத்துப் படுத்திருப்பது அதில் சேராது.

1993 ஆகஸ்டில் நடந்த ஒரு விபத்தை நான் பாடம் எடுத்த ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். அமெரிக்கச் சரக்கு நிறுவனம் ஒன்றின் டிசி-8 விமானம். மூன்று பேர் கொண்ட குழு இரவெல்லாம் பறந்து காலையில் அட்லாண்டாவில் இறங்கி, வேலை முடிந்தது என்று கிளம்புகிற நேரம். கியூபாவில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ கடற்படைத் தளத்துக்கு ஒரு சரக்கு இருக்கிறது, நார்ஃபோக் போய் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று திருப்பி அழைத்தார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காலி விமானத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பயணம் பணிநேர வரம்பில் சேராது. அதனால் காகிதத்தில் எல்லாம் விதிப்படி சரி. சாயங்காலம் அங்கே இறங்கும்போது கேப்டன் கண் மூடி 23 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லை வேலி ஓரம் மின்ன வேண்டிய ஒரு விளக்கை அவர் தேடிக்கொண்டே திரும்பினார். அந்த விளக்கு அன்று எரியவே இல்லை. வேகம் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னது அவர் மனதில் ஏறவில்லை. ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னால் விமானம் விழுந்தது. மூன்று பேரும் பலத்த காயத்தோடு பிழைத்தது பெரிய விஷயம். அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் களைப்பையே விபத்துக்கு மூலகாரணமாக முதன்முதலில் எழுதியது இந்த வழக்கில்தான்.

அதற்குப் பிறகும் சரக்கு விமானியின் தூக்கத்துக்கு மதிப்பு குறைவாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 2014 ஜனவரியில் வந்த புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானிகளுக்குத்தான் கட்டாயம். சரக்குக்கு விலக்கு. ஓட்டுபவனின் கண் ஒன்றுதான், பின்னால் இருப்பது ஆளா பெட்டியா என்று பார்த்து அது களைப்பதில்லை. நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2024 ஜனவரியில் அறிவித்த திருத்தத்தில் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது, இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீண்டது, ஒரு விமானி இரவில் தரையிறங்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக அது நடைமுறைக்கு வந்தபோது எவ்வளவு இழுபறி நடந்தது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பெரிய நிறுவனங்களைப் பற்றிய அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு உங்களுக்கும் அதே ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்துக்கு டிஜிசிஏ ஒப்புதல் தந்த பணிநேரத் திட்டம் எது, அந்தப் பக்கங்களைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஒரு டிசம்பர். காலை ஏழு மணியிலிருந்து ஸ்டாண்ட்பை, அதாவது அழைப்புக்குத் தயார் நிலை. பகலில் போன் வரவில்லை. அன்று இனி வராது என்று நானாக முடிவு செய்துகொண்டு மகளின் பள்ளிக்குப் போனேன், வங்கிக்குப் போனேன், தூங்கவில்லை. ராத்திரி 10.40-க்கு நிறுவனத்தின் இயக்கப் பிரிவான ஓப்ஸிலிருந்து அழைப்பு, தில்லிக்கு. விடியற்காலை நாலரை மணி இருக்கும், கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு உங்கள் வயதுதான். அவர் மெதுவாக, "சார், ஆறாயிரம் என்று நீங்கள்தான் கன்ட்ரோலுக்குத் திருப்பிச் சொன்னீர்கள்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். எந்த உயரம் வரை இறங்க வேண்டும் என்று குமிழைத் திருப்பி வைக்கும் சிறிய சன்னலில் 4,000 அடி என்று இருந்தது. அந்தக் குமிழைத் திருப்பிய கை என்னுடையது. ஆறாயிரம் என்று சொன்னதும் நினைவில்லை, நாலாயிரம் வைத்ததும் நினைவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் சில ராத்திரிகளில் நினைப்பு வரும்.

இறங்கிய பிறகு, திரும்பும் பயணத்தை ஓட்ட மாட்டேன், களைப்பாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டலுக்குப் போனேன். நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் அந்த மாதம் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் எனக்கு வந்த அழைப்புகளும் பாதியாகக் குறைந்தன. உங்கள் ஒப்பந்தத்தின் 7ஆம் பக்கத்தைப் பாருங்கள்: "எந்தக் காரணத்தாலும் பணியை மறுத்தால் அன்றைய நிலைச் சம்பளமும் ஒரு நாள் விடுப்பும் கழிக்கப்படும்." அதே வாசனை அடிக்கிறது. "களைப்பு, உடல்நலக் குறைவு நீங்கலாக" என்று நாலு சொல் அங்கே சேர்ந்தாக வேண்டும். அதைச் சேர்க்க மறுத்தால் நான் உங்கள் அம்மா பக்கம்.

ஸ்டாண்ட்பையையும் 12 மணிக் கூறுகளாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இந்த வாரம் இரவு, அடுத்த வாரம் பகல் என்று தெரிந்தால் போதும், உடம்பு அதற்குத் தயாராகிவிடும். இதற்கு நிறுவனத்துக்குப் பெரிதாகச் செலவும் ஆகாது. எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. இரண்டு விமானத்துக்கு நாலு கேப்டன்தான் என்றால் 10 நாள் விடுப்பு என்பது காகிதத்தோடு நின்றுவிடும்.

பாண்ட் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது தவறு. உங்கள் பெயரை மறைத்துத் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்குப் போடும் கட்டு, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பது ஆகாது என்றார்கள். ஆகவே கோர்ட்டில் நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடுவது ஆபத்து. அதே சமயம் எழுதிய தொகை முழுவதும் அப்படியே கிடைத்துவிடும் என்றும் இல்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அவ்வளவுதான்.

அவர்கள் டைப் ரேட்டிங்குக்குச் செலவு செய்கிறார்கள், அதைக் காக்க பாண்ட் கேட்பது நியாயம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் முதல் மாதம் விலகினாலும் 30 லட்சம், 35ஆம் மாதம் விலகினாலும் 30 லட்சம். மாதா மாதம் குறையும்படி எழுதச் சொல்லுங்கள். 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 83,000 சொச்சம் கழியும். பயிற்சிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்ற ரசீதையும் இணைக்கச் சொல்லுங்கள். நிறுவனம் சம்பளம் தராமல் போனாலோ, உங்களை வெளியே அனுப்பினாலோ, கடையை மூடினாலோ பாண்ட் செல்லாது என்ற வரியும் வேண்டும். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்த குடும்பங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

அசல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள். தேதி போடாத காசோலையும் கொடுக்காதீர்கள். பாண்ட் தகராறு சிவில் வழக்கு, வருடக்கணக்கில் நடக்கும், வாதாடலாம். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவில் குற்ற வழக்காகிவிடும், இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. விமானி வேலைக்கு ஒவ்வொரு இடத்திலும் வழக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இரண்டில் மட்டும் பேரம் வேண்டாம், முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

சம்பளம் "மாதத்தின் நடுவில்" வரும் என்று எழுதியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். விலகினால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். இதைச் சொல்லி அவர்களிடம் சண்டை போட வேண்டாம். அங்கே இப்போது பறந்துகொண்டிருக்கும் இரண்டு துணை விமானிகளைத் தேடிப் பிடித்து, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேளுங்கள். ஒப்பந்தம் சொல்லாததை அந்தத் தேதி சொல்லிவிடும்.

காப்பீடு. சாதாரண விபத்துக் காப்பீடுகள் பலவற்றில், பயணியாக அல்லாமல் வேறு விதமாக விமானத்தில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். நிறுவனத்தின் குழுக் காப்பீடு விமானக் குழுவினரைச் சேர்த்ததா என்று பாருங்கள். மருத்துவச் சான்று போனால் ஈடு தரும் உரிம இழப்புக் காப்பீடு அவர்கள் தராவிட்டால் நீங்களே எடுங்கள். வகுப்பு 1 மருத்துவத் தேர்வில் ஒரு ரத்தப் பரிசோதனை கொஞ்சம் முன்பின் ஆனாலும் எப்படி இழுத்தடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடன் தவணை அந்த மாதங்களிலும் நிற்காது.

கடைசியாக அம்மா. அவர் பயப்படுவதில் தவறே இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இரவு ஸ்டாண்ட்பை வாரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது பகல் பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை யாரும் எழுப்பக் கூடாது. சாப்பாடு ஆறிப் போகட்டும். குக்கர் விசில், காலிங்பெல், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் எல்லாவற்றையும் அவர்தான் சமாளிக்க வேண்டும். உங்கள் அறைச் சன்னலுக்கு ஒளி புகாத கனமான கறுப்புத் திரை தைத்துப் போடுங்கள். என் மனைவி எட்டு வருடம் அந்த அறை வாசலைக் காவல் காத்தார், நான் பத்திரமாக வீடு திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த வாரம் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். 40 மணி உத்தரவாதம், 7ஆம் பக்கத்தில் அந்த நாலு சொல், மாதா மாதம் குறையும் பாண்ட். இந்த மூன்றையும் கேளுங்கள். அசல் சான்றிதழும் காசோலையும் தர இயலாது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். போனில் பேசி முடிக்கலாம் என்று அவர்கள் கூப்பிட்டால் பேசுங்கள். பேசி முடித்ததை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி போடுங்கள், கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு தடவை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.